சுவரில் இல்லாத கதவு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாய் நிறையப் பசை இருந்தது. பல் செட்டுக்கு அச்சு எடுத்த பெண், பசை இறுகும்வரை சும்மா நிற்க மனமில்லாமல், தன் தெருவில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். குறுக்கே கேள்வி கேட்க எனக்கு வழியில்லை. அதனால் சில இடங்களை நானாகத்தான் நிரப்பியிருக்கிறேன். அங்கெல்லாம் அடைப்புக்குறி போட்டுவிட்டேன், பின்னால் என்மேல் பழி வரக்கூடாது.

2

“காலத்தின் கதவுகள் மூடிக்கொண்டே போனாலும்…”

(முதலில் இப்படித்தான் தொடங்கினேன். அடித்துவிட்டேன். இது இரும்புக் கதவு.)

“நகராட்சியிடம் ஆவணம் கேட்கும் உரிமை என்பது ஒரு குடிமகனுக்கு…”

(இதைப் படித்தால் நானே தூங்கிவிடுவேன்.)

நேராகவே சொல்கிறேன். அவள் தெரு ஒரு நீளமான சுவரில் போய் முட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சாலை, பேருந்து நிறுத்தம். சுவரில் ஒரு கதவு. அவளுடைய தம்பி சக்கர நாற்காலியில் வேலைக்குப் போவது அந்த வழியாகத்தான். சுற்றிப் போனால் செங்குத்தான மேடு. தனியாளாக அவனால் ஏற முடியாது.

அவர்கள் குடிவருவதற்கு முன்பே கதவு இருந்தது. படி கிடையாது, வழுவழுவென்று சிமெண்ட் சரிவு. நாற்காலி உரசாமல் போகும் அகலம். கைப்பிடிகூட உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில். யாரோ யாரையோ நினைத்து வைத்த கதவு என்று அவளுக்குத் தோன்றியது. யார், யாரை? அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கதவு பற்றிய ஆவணங்களின் நகல் வேண்டும் என்று நகராட்சிக்கு மனுப் போட்டாள்.

3

பதில் தொலைபேசியில் வந்தது. பேசியவள் ஆவணப் பிரிவு எழுத்தர்.

“சுவருக்கு ஃபைல் இருக்குங்க. வரைபடமும் இருக்கு. ஆனா அதுல கதவே இல்ல.”

“நான் தினமும் பாக்குறேனே.”

“நீங்க பாக்குறீங்க, ஃபைல் பாக்கல. ‘ஆவணம் இல்லை’ன்னு நான் பதில் போட்டா, ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்லுவாங்க. அனுமதி இல்லாத திறப்புன்னா அடைச்சிடுவாங்க. மனுவை வாபஸ் வாங்கிட்டீங்கன்னா பேச்சு இதோட முடிஞ்சுது.”

4

சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“உனக்குத் தெரிஞ்சாகணும். எனக்குப் போயாகணும். எது பெருசுன்னு நீயே சொல்லுக்கா.”

மனுவை வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றாள். (இதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கியது. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் கதவை வைத்தது யார் என்ற கேள்வி அவளை விட்டபாடில்லை என்றும் தோன்றியது.)

5

எழுத்தரை முதல் வரைவில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அலுவலகம் என்றால் கை தானாக அப்படிப் போகிறது. நடந்தது வேறு.

மனுவை வாபஸ் வாங்கப் போனவளுக்கு எழுத்தர் நாற்காலி இழுத்துப் போட்டாள். மேசைமேல் சுவரின் பழைய வரைபடங்கள் பரப்பிக் கிடந்தன. அவளும் தேடியிருக்கிறாள், கேட்பாரில்லாமலே.

“வீட்டுக்குப் போனாலும் அதே நெனப்புதாங்க,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இருக்கிற கதவைப் பத்திக் கேக்காதீங்க. அங்க ஒரு கதவு வேணும்னு கேளுங்க. தம்பி பேர்ல.”

இந்தப் புது மனுவை நிராகரித்துவிட்டால் எல்லாம் போச்சு. ஆனால் வாபஸ் வாங்கிவிட்டாலும், நாளைக்கு வேறு யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் போதும், கதவு போய்விடும். வீட்டில் அவள் அதைச் சொன்ன பிறகுதான் தம்பி கையெழுத்துப் போட்டான்.

மாதங்கள் கழிந்து அனுமதி வந்தது. சுவரை உடைக்க ஆட்கள் வந்த அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. கதவுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்திக்கொண்டான். மேஸ்திரி கையிலிருந்த தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“இங்க கதவு வைக்கச் சொல்லியிருக்கு. இது என்ன?”

“கதவு,” என்றான் தம்பி.

மேஸ்திரி தாளை மடித்துப் பையில் வைத்தார். கீலுக்கு எண்ணெய் விட்டார். பச்சை வண்ணம் அடிக்கச் சொன்னார். புகைப்படம் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிப் போனார்.

6

இப்போது கோப்பில் கதவு இருக்கிறது: தம்பியின் கோரிக்கையின்பேரில் நகராட்சி அமைத்தது. இனி யார் கேட்டாலும் இதுதான் பதில். தம்பி விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பச்சை வண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒருவருடைய பெயரைத் தானே அழித்துவிட்டதுபோல் இருக்கிறதாம்.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், ஊர் மாறிப் போன ஒரு வெல்டர் திரும்பி வந்து கீலைத் தடவிப் பார்க்கிறார். இன்னொன்றில், நடக்க முடியாத மனைவிக்காக ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரை உடைக்கிறார். இரண்டையும் கிழித்துப் போட்டேன். கோப்பில் ஏற்கெனவே ஒரு பொய் இருக்கிறது, என் பங்குக்கு இன்னொன்று வேண்டாம்.

உங்களில் யாருக்காவது நிஜமாகவே தெரிந்திருந்தால், இந்த வாக்கியத்தை உங்கள் கையால் முடித்துவிடுங்கள். நான் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான்:

அந்தக் கதவை வைத்தவர்