பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன

காலை எட்டு மணிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த சிவரஞ்சனி, மிக்ஸியை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். ஆலங்கிணத்துப்பட்டியில் டீக்கடை வைத்திருக்கும் லிங்கேஸ்வரன் பேசினார்.

“மேடம், நீங்க குடுத்த புத்தகத்துல நம்ம மில்ட்ரி பேரை எதுக்குப் போட்டிய? இங்க ஒரே பேச்சா கெடக்கு.”

“எந்த மில்ட்ரி?”

“நம்ம சங்கிலிப்பாண்டி அண்ணாச்சிதான்.”

சிவரஞ்சனி சட்னியை அப்படியே போட்டுவிட்டு, கையில் கிடைத்த துப்பட்டாவை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள்.

விஷயம் இதுதான். கலவரம் நடந்த ஊரில், போலீசும் கோர்ட்டும் கைகழுவிய பிறகு, வெட்டிக்கொண்டவர்கள் எப்படி மறுபடி அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள் என்று ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவள் அவள். அதற்கு அவள் தேர்ந்தெடுத்த ஊர் சுந்தரபாண்டியத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலங்கிணத்துப்பட்டி. இருபத்தேழு வருடங்களுக்கு முன் அங்கே வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் மூன்று நாள் மோதின. சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு தள்ளுபடியானது. அந்த மூன்று நாளைப் பற்றி முந்நூறு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். அதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பேசியவர்களின் பேச்சை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்ல, இவளும் உருகிப்போய்த் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போட்டு, முப்பது பிரதிகளை முந்தாநாள்தான் டீக்கடையில் வைத்துவிட்டு வந்தாள். முதல் பக்கத்தில் ‘பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

புத்தகத்தில் தெற்குத் தெரு வெள்ளைத்தாய் சொன்னது நாலு பக்கம் இருந்தது. கலவரத்தில் அவளுடைய கூரை வீட்டை எரித்தது ஊருக்கே தெரியும். தீ வைத்தவனை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். “பேரைச் சொல்லுதேன் தாயி, ஆனா எழுதிறாத” என்று சொல்லித்தான் வடக்குத் தெரு சமுத்திரத்தின் பெயரைச் சொன்னாள். சிவரஞ்சனியும் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். எழுதும்போது வாயில் வந்த ஒரு பெயரைப் போட்டாள். அதுதான் சங்கிலிப்பாண்டி. பேட்டியெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, போகும்போதெல்லாம் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்த வடக்குத் தெரு மில்ட்ரிக்காரரின் சொந்தப் பெயர் அதுதான் என்று விசாரிக்க, இந்த மேதைக்கு ஐந்து வருடம் போதவில்லை. போதாக்குறைக்கு, கலவரத்தின்போது அந்த மனிதர் லீவில் ஊருக்கு வந்திருந்தார்.

பேருந்து மடவார் வளாகம் கோயிலைத் தாண்டும்போது, சாமி நம்பிக்கை இல்லை என்று சொல்லித் திரிகிற சிவரஞ்சனியின் கை தானாகக் கும்பிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பேருந்தில் ஏறினாள். இருபத்தேழு வருடமாக அடங்கிக் கிடந்த ஊர் தன்னால் மறுபடி அரிவாளைத் தூக்கினால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை.

டீக்கடையில் இரண்டு தெருக்காரர்களும் இருந்தார்கள். மில்ட்ரி பெஞ்சின் நடுவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எதிரே, வெள்ளைத்தாயின் அண்ணன் மகன் விஜயபாண்டி நாலைந்து பேரோடு நின்றான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைத்தாய் தனியாக நின்றிருந்தாள்.

“ஏம்மா, உலகத்துல வேற பேரே கெடைக்கலையா?” என்றார் மில்ட்ரி. குரலில் கோபமில்லை. அதுதான் சிவரஞ்சனிக்கு அதிகமாக வலித்தது.

“தப்பு என்னோடதுய்யா. இது நானா வச்ச பேரு. உங்க பேருன்னு எனக்குத் தெரியாது.” கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “இவருக்கும் அந்தத் தீக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.”

“சரிக்கா, அவிய இல்ல” என்றான் விஜயபாண்டி. “அப்ப யாரு?”

இந்தக் கேள்வி வரும் என்று அவள் வழி நெடுக ஒரு தடவைகூட நினைக்கவில்லை. சொன்னால் சத்தியம் போகும், ஊரும் போகும். சொல்லாவிட்டால் பழி மில்ட்ரி மேலேயே நிற்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளைத்தாய் லேசாகத் தலையை ஆட்டினாள். சொல்லாதே.

“பாத்தியளா, வாயத் தொறக்க மாட்டேங்காக. மில்ட்ரியக் காப்பாத்த மாத்திப் பேசுதாக” என்றான் ஒருவன்.

“நான்தான்.”

பெஞ்சின் ஓரத்தில், ஆடை படிந்த டீயைக் குடிக்காமல் வைத்திருந்த சமுத்திரம் எழுந்து நின்றார். அறுபதை நெருங்கிய ஒல்லி மனிதர். “தீ வச்சது நான். அண்ணாச்சி மேல பழியப் போடாதிய.”

விஜயபாண்டி ஓரெட்டு முன்னால் வைத்தான்.

“ஏலே, நில்லு” என்று ரோட்டைக் கடந்து வந்தாள் வெள்ளைத்தாய். வந்தவள் சமுத்திரத்தின் முன்னால் நின்றாள். இவர்கள் இருவரும் பேசி இருபத்தேழு வருடம். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்குப் போனது உனக்குத் தெரியாது. உள்ள நாங்க இருக்கோம்னு நெனச்சா வச்ச?”

“இல்ல.” என்றார் சமுத்திரம். “கதவத் தொறந்து பாத்தேன். தொட்டில்ல கையவிட்டுத் தடவிப் பாத்தேன். வெறுந்தொட்டில். பொறவுதான் வச்சேன்.”

வெள்ளைத்தாய் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு செத்த நேரம் அழுதாள்.

“எம் புள்ளையக் கொல்லத்தான் வந்தான்னு இம்புட்டு வருசமும் நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள் கடைசியில். “வீட்டை எரிச்சது எரிச்சதுதான், அத மறக்க மாட்டேன். ஆனா எனக்கு இது போதும்.”

விஜயபாண்டி அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைக் கண்டபிறகுதான் சிவரஞ்சனிக்கு மூச்சே வந்தது. ராஜபாளையத்திலிருந்து சுமந்து வந்த பயமெல்லாம் கண்ணீராக இறங்கியது, அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. லிங்கேஸ்வரன் யாரும் கேட்காமலே எல்லோருக்கும் டீ போட ஆரம்பித்தார்.

“தாயி” என்று சிவரஞ்சனியைக் கூப்பிட்டார் சமுத்திரம். “அடுத்து புத்தகம் போட்டா எம் பேரையே போட்டுருங்க.”

சிவரஞ்சனி வெள்ளைத்தாயைப் பார்த்தாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேண்டாம் என்று கையசைத்தாள்.

“இவரு மக ஸ்ரீவில்லிபுத்தூர்ல நர்சுக்குப் படிக்கா. ஊரு நாலு நாளு பேசும், ஓஞ்சிரும். அச்சுல ஏறுனா அழியாது, அந்தப் புள்ள கண்ணுல படும். வேற பேரே வையி தாயி. இந்தத் தடவை மட்டும் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வையி.”

முதலில் சிரித்தது மில்ட்ரிதான்.