லகுவுக்குப் பொட்டு வைத்த அன்று

கழுத்தளவு அல்சூர் ஏரித் தண்ணீரில் நிற்க வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

'லகு' என்று ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்ததே, அதை வீடுகளிலிருந்து ஏன் தூக்கி எறிந்தார்கள் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். விலையாம், வேகமாம். மண்ணாங்கட்டி. காரணம் எனக்குத் தெரியும். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று ஆயுதபூஜை. என் மனைவி அலர்மேல்மங்கையின் கொலுப் படத்தை ஆறு மணிக்குள் எங்கள் பேட்டைச் சங்கத்துக் கொலுப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். மூன்று வருஷமாக எதிர்வீட்டு ஜெயலட்சுமிக்கு அடுத்த இடம்தான் கிடைத்திருந்தது. இந்தத் தடவையும் தோற்றால் இனி கொலுவே கிடையாது என்று சபதம் வேறு.

நாலு மணிக்குப் பூஜை. கார், மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தொட்டால் வேலை செய்கிற திரை அது. நட்டநடுவில் எட்டணா அகலத்துக்கு ஈரப்பொட்டு வைத்தாள். லகு அதை விரல் என்று நினைத்துவிட்டது. விரலுக்கு அடியில் வானிலைக் கட்டம். திறந்தது, திறந்தது, திறந்துகொண்டே இருந்தது. ஊட்டி, உகாண்டா, செவ்வாய் கிரகம். முந்நூறு ஊர் ஆனதும், "நிச்சயமாகத்தானா?" என்று என்னைக் கேட்டது!

"துடைச்சுடறேன்," என்றேன்.

"பூஜை பண்ணின பொட்டை அழிப்பேளா? நாளைக்கு விஜயதசமி, புனர்பூஜை ஆனப்பறம் துடைங்கோ. இப்போ படத்தை அனுப்புங்கோ."

அணைத்துப் போடலாமென்றால் அதற்குப் பட்டனே இல்லை. மாடியில் குடியிருக்கும் கரூர்ப் பையன் அஷ்வின், லகுவைச் செய்த கம்பெனியிலேயே வேலை பார்ப்பவன். கத்திக் கூப்பிட்டேன்.

"பட்டன எடுத்துட்டோம் சார். பாக்க அசிங்கமா இருக்குன்னாங்க. வலது மூலைல விரல வச்சு, கீழ இழுத்து, ரெண்டு செகண்ட் பொறுத்து, அப்படியே வளைக்கணும்."

"ஏண்டா, உங்கம்மா இப்படி வளைப்பாளா?"

"அவங்க இன்னும் பழசுதான் சார் யூஸ் பண்றாங்க."

"பொட்டு வெச்சா என்ன ஆகும்னு ஒருத்தனாவது பார்த்தேளா?"

"ஆயுதபூஜைக்கு ஆபீஸ் லீவு சார்."

பிளக்கைப் பிடுங்கினேன். ஓடியது. ஐந்தே முக்காலுக்குத் தெருவிலேயே கரண்ட் போனது. அப்போதும் ஓடியது. "புதுப்பிக்கிறோம், மூன்று சதவீதம், தயவுசெய்து அணைக்காதீர்கள்."

"ஏன்னா, ஆறு அடிச்சுடுத்து," என்றாள் அலர்மேல்மங்கை.

அதைக் கேட்டபின் கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. வாசலில் திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கி வந்து லகுவின் நடுநெற்றியில் போட்டேன். சத்தம் மர்பி டவுன் வரை கேட்டது. என்ன ஏது என்று விசாரித்தவர்கள், அவரவர் பூசணிக்காயோடு அவரவர் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார்கள். ராத்திரிக்குள் ஊரில் லகு இருந்த வீடு ஒன்று பாக்கியில்லை. "வீட்டு உபயோகத்தில் எதிர்பார்த்த வரவேற்பு இல்லை" என்று கம்பெனி அறிக்கை விட்டது. வரவேற்பாம்!

அந்த வருஷம் முதல் பரிசு அலர்மேல்மங்கைக்குத்தான். படத்தை அவள் தன் போனிலிருந்து காலையிலேயே அனுப்பியிருந்தாள், எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்றைக்குமே இருந்ததில்லை.