கடைசி மூட்டைக்கு முன்னால்

பெட்டியின் அகலம் பரவாயில்லை, நீளம்தான் இடிக்கும் என்றான் கிரேன். மூன்றாவது மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் கையை விரித்து அளந்து, முழங்கையைச் சுவரில் சிராய்த்துக்கொண்டு அப்போதுதான் மேலே வந்திருந்தான். ஆள் பெயருக்கேற்ற உருவம்.

"நிமித்தித்தான் திருப்பணும்."

"நிமித்தினா அண்ணன் உள்ளே நின்னுக்கிட்டில்ல வருவாரு," என்றான் நெட்டை.

"நிக்கட்டும். உக்காந்தா சம்பாதிச்சாரு?"

வாசலை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியிலிருந்து அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இருந்தவர் அவள் புருஷன். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். அங்கே அவருக்குப் 'போதும்' என்றுதான் பெயர். டீ பாதி டம்ளர் வந்தாலும் போதும். கூரை ஒழுகினாலும் கட்டில் நனையாமல் இருந்தால் போதும். மேஸ்திரி வேலை அவரைத் தேடி வந்தபோது, முதுகு நன்றாகத்தானே இருக்கிறது, இதுவே போதும் என்று அதைப் பக்கத்தில் நின்றவனுக்குத் தள்ளிவிட்டார். அந்தப் பக்கத்தில் நின்றவன்தான் இப்போது மேஸ்திரி. பெட்டியின் கால்மாட்டில் நின்று கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றிலும் திருப்திப்படுகிற மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசான வேலையில்லை. சண்டைக்குக்கூட ஆள் சிக்காது. சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் ஆரம்பித்துவிடுவார். "இன்னைக்குக் காத்து நல்லா வந்துச்சு. லாரி டிரைவர் ஒரு வாழைப்பழம் கொடுத்தான். பழம்னா பழம், அப்படி ஒரு பழம். சரி, உனக்கு என்ன நல்லது நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"யோசிச்சுச் சொல்லு."

"அடுப்பு எரியுது. நான் எரியாம இருக்கேன்."

"பாத்தியா, ரெண்டு சொல்லிட்ட."

ஓய்வு நாளில் சாமி கும்பிடப் போவார். போய் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு வருவார். அவ்வளவு தூரம் நடந்து போனவர் ஒரு வார்த்தை கேட்டால்தான் என்ன என்று இவள் சத்தம் போடுவாள். "கேக்கறதுக்குத்தான் அத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்களே. நான் சும்மா பாத்துட்டு வந்தேன்," என்பார்.

அப்படிப்பட்டவருக்குக் கடைசியில் வாய்த்தது இருமல். மூட்டைத் தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போய்க் குடியிருந்துவிட்டது. மாசக்கணக்காக அவரும் தூங்கவில்லை, அவளையும் தூங்க விடவில்லை. நேற்றுத்தான் இருமல் கொஞ்சம் அடங்கியது. தலையணையில் சாய்ந்தவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். முகத்தில் வெயில் விழுந்துதான் கண் விழித்தாள். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. கையை மேலே தூக்கி நன்றாகச் சோம்பல் முறித்தாள். அப்புறம்தான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? முதலில் வந்த எதிர்வீட்டுக்காரி, "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். தண்ணீர் கேட்டதாக வாயில் வந்துவிட்டது. அடுத்தவள் வந்தபோது, தண்ணீர் குடித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் வந்து கட்டிக்கொண்டு அழுதபோது, "உன் பேரைச் சொன்னாருடி," என்று சேர்த்துக்கொண்டாள். வெயில் ஏறுவதற்குள் செத்தவர் உயிரோடிருந்த காலத்தைவிட அதிகம் பேசியிருந்தார்.

"தூக்கலாமா?" என்றார் மாப்பிள்ளை. மகளின் புருஷன், ஆபீஸ் உத்தியோகம். கீழே வண்டிக்காரன் ஏற்கெனவே இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டான்.

"சொல்லிட்டுத்தான் தூக்கணும்," என்றார் மேஸ்திரி.

"என்ன சொல்லணும்?"

அது கிடங்கு வழக்கம். போதும் ஆரம்பித்துவைத்தது. லாரியில் கடைசி மூட்டை ஏறுவதற்கு முன்னால், அன்றைக்குத் தனக்கு நடந்த நல்லது ஒன்றை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் சிரித்தார்கள். பிறகு அதைச் சொல்லாமல் மூட்டையைத் தொட யாருக்கும் கை வரவில்லை. பொய் சொல்லக் கூடாது. சொன்னால் தூக்குகிறவன் முதுகு பிடித்துக்கொள்ளும். நெட்டை ஒருநாள் முதலாளி தன்னைப் பார்த்துச் சிரித்ததாகச் சொல்லிவிட்டு மூட்டைக்குக் கீழே போனவன், வாரக்கணக்கில் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. குனிந்த விதம் தப்பு என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஒருத்தரும் கேட்கவில்லை.

"இது என்ன கிடங்கா?" என்றார் மாப்பிள்ளை.

"மூணு மாடி மாப்பிள்ளை. முதுகு எங்களோடது."

கிரேன் முந்திக்கொண்டான். "பஸ்ல உக்கார எடம் கெடைச்சுது. ஜன்னலோரம்."

"நான் அழுதேன்," என்றான் நெட்டை. "ரொம்ப நாளா வரல. வராமலே போயிடுமோன்னு பயந்துட்டிருந்தேன்."

நான்காவது ஆளைச் சாமியார் என்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பான். அதற்குள் அவன் தட்டிலிருந்து ஏதாவது காணாமல் போயிருக்கும். "காலைல அண்ணன் மாதிரியே ஒண்ணும் கேக்காம கும்பிட்டேன். மனசு லேசா இருந்துச்சு."

"நேத்து வரைக்கும் என்ன கேட்ட?" என்றான் நெட்டை.

"லாட்டரி."

ஹாரன் அடித்து அலுத்துப்போய் வண்டிக்காரனே மேலே ஏறி வந்திருந்தான். வந்தவனையும் விடவில்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தான். "இன்னைக்குத்தான் வண்டியில ஏ.சி. சரியாச்சு."

"உனக்கா?"

"எனக்கு எங்க? பின்னாடி இவருக்குத்தான்."

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். "ஆபீஸ்ல கேட்டதும் லீவு கொடுத்துட்டாங்க."

கிரேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தான். அந்த அகலமான முதுகை மாப்பிள்ளையும் பார்த்தார். "லீவு கேக்கல," என்றார் மெதுவாக. "போனை அணைச்சுட்டு வந்துட்டேன்."

"இது அதைவிட நல்லாயிருக்கே," என்றார் மேஸ்திரி. தன் பங்குக்கு, "அவன் தள்ளிவிட்ட வேலையிலதான் என் புள்ளைங்க படிச்சாங்க. இன்னைக்கு அதை அவன் காதுகிட்டப் போய்ச் சொல்லிட்டேன்," என்றார். சொல்லிவிட்டு மறுபடி கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டே போனாரு. என் பேரைச் சொன்னாரு. எனக்கு அது ஒண்ணு போதும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நெட்டை கண்ணைத் துடைத்தான்.

நாற்காலியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரியிடம் சொன்ன பொய் எதிர்வீட்டோடு போய்விடும். இது பெட்டிமேல் ஏறிவிட்டது.

"அண்ணி, நீங்க?" என்றான் கிரேன்.

"ஒண்ணும் நடக்கல," என்றாள்.

"அண்ணிகிட்டக் கேக்கவே வேணாம், இதைத்தான் எப்பவும் சொல்வாங்கன்னு அண்ணன் சொல்வாரு," என்றான் நெட்டை. "விடுங்க. துக்க வீடு."

மேஸ்திரி கண்காட்டினார். நான்கு பேரும் குனிந்தார்கள். தலைமாட்டில் கிரேன். பாரம் அந்தப் பக்கம்தான் அதிகம். திருப்பத்தில் நிமிர்த்தும்போது முழுசும் அவன் மேல்தான் இறங்கும். அவன் பெண்டாட்டி வாசலுக்கு வெளியே இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நில்லுங்க," என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள்.

"அவர் என் கையைப் பிடிக்கல."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பப் போனாருன்னு எனக்குத் தெரியாது. நான் தூங்கிட்டேன்."

எதிர்வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். ஏன் தூங்கினாய் என்று யாராவது கேட்பார்கள் என்று சொன்னவள் காத்திருந்தாள். மேஸ்திரி நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எப்படித் தூங்கின, தங்கச்சி?" என்று கேட்டார்.

"நல்லா தூங்கினேன்." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "கனவுகூட வரல. எத்தனையோ மாசம் கழிச்சு அப்படி ஒரு தூக்கம். எந்திரிச்சதும் உடம்பு எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா? சோம்பல் முறிச்சேன்."

நெட்டையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அப்ப தண்ணி கேட்டது?" என்றாள் மகள்.

"இல்ல."

"என் பேரைச் சொன்னது?"

"அது சொன்னாரு. நேத்து சாயங்காலம். சட்டை பட்டன் அறுந்துபோச்சு, அவ வந்தா தைச்சுக் கொடுக்கச் சொல்லு, உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியலன்னாரு."

மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, "எந்தச் சட்டை?" என்று கேட்டாள்.

"நீலம்."

"சரி," என்றார் மேஸ்திரி. "தங்கச்சியும் சொல்லியாச்சு. குனி. முட்டியை மடக்கி, டேய் நெட்டை, முட்டியை."

பெட்டி எழும்பியது. கூடத்தில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். வாசல் தாண்டியதும் படிக்கட்டிலிருந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. சுவரு, சுவரு. உன் பக்கம் தாழ்த்து. இப்ப நிமித்து, மெதுவா, அண்ணனுக்குத் தலை இடிக்கப் போகுது. இடிச்சாலும் பரவாயில்லைன்னுதான் சொல்வாரு, நீ நடடா. யாருடைய செருப்போ நழுவிப் படிப்படியாகத் தட்டிக்கொண்டு கீழே போனது. பிறகு சத்தமில்லை. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து கிரேனின் குரல் கேட்டது. "அண்ணி, முதுகு ஒண்ணும் பண்ணல."

மற்ற பெண்கள் முன்னால் இறங்கினார்கள். அதற்கப்புறம் அவள் எழுந்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்தாள். திருப்பத்துக்கு வந்ததும் நின்று, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, வாய் நிறையக் கொட்டாவி விட்டாள். கையால் மறைக்கவில்லை. பின்னால் வந்த மகள் அது முடிகிறவரை ஒரு படி மேலேயே நின்றாள்.