துணிவேலி

ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் நின்ற குன்றை ஜேசிபி விட்டு வெட்டினார்கள். ஆடிட்டோரியம் வருகிறதாம். அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவந்த சுயம்புவுக்கு வெட்ட மரமில்லை. அதே இடத்தில் கூலிக்குச் சேர்ந்தார். அவர் வீடு குன்றுக்குக் கீழே, எங்கள் வீட்டை ஒட்டி. அவர் முற்றத்துக் கிணறு ஒன்றுதான் அந்தச் சரிவில் கோடையிலும் வற்றாதது. நாங்களும் அதில்தான் தண்ணீர் கோருவோம்.

வெட்டிய மண் கீழே இறங்காமலிருக்க எல்லை நெடுகத் துணிவேலி கட்டச் சொன்னார் சூப்பர்வைசர் வினீத். கம்பு நட்டு, கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி, அடிவிளிம்பை மண்ணில் புதைக்க வேண்டும். தண்ணீர் துணி வழியே கசியும், மண் நிற்கும் என்றார். சுயம்பு சொன்னபடியே கட்டினார். தன் கிணற்றுக்கு மேலே மட்டும் கம்புகளை நெருக்கி நட்டார்.

முதல் மழையில் சிவப்புத் தண்ணீர் கசிந்து முற்றம்வரை வந்தது. கிணற்றில் விழவில்லை. ஆனாலும் அவர் மனைவி சரோஜம் விடவில்லை.

"இதென்ன வேலி? வெள்ளம் ஒழுகுது. சாக்கக் கெட்டியிருந்தா இதவிட நல்லா நின்னிருக்கும்."

சுயம்புவுக்கு அது தைத்தது. ஒழுக்கை அடைப்பது அவர் தொழில். மழைக்காலத்தில் பால் வெட்டும் பட்டை நனையாமலிருக்க ரப்பர் மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட் வைத்துத் தார் பூசி ஒட்டுவார்கள். அவர் ஒட்டிய மரத்தில் ஒரு சொட்டு இறங்காது. வீட்டில் மிச்சம் கிடந்த ஷீட்டையும் தாரையும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போய், கிணற்றுக்கு மேலிருந்த வேலியின் உட்புறம் முழுக்க ஒட்டினார். சைட்டில் யாருமில்லை.

அடுத்த மழைக்கு ஒரு துளி கசியவில்லை. சரோஜத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் சிரித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குளம்போல் தேங்குவதை யாரும் ஏறிப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் கம்புகள் சாய்ந்தன. புதைத்த விளிம்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. நின்ற தண்ணீரும் மண்ணும் ஒன்றாக இறங்கி, கிணற்றின் கைச்சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தன.

வினீத் வந்து கிழிந்த ஷீட்டைக் காலால் புரட்டினார். ஒட்டியது யாரென்று கேட்டார்.

"நானாக்கும். மரத்துல ஒட்டினா ஒழுகாது."

"இது மரமில்ல அண்ணே. வெள்ளத்த விட்டாத்தான் மண்ணு நிக்கும்."

"விட்டா கலங்கியில்லா வருது?"

ஷீட் ஒட்டியது கம்பெனி அல்ல, அதனால் கிணறும் கம்பெனி பொறுப்பல்ல என்று சொன்னார் வினீத். சுயம்புவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

கிணற்றை இறைத்தோம். மோட்டார் சேற்றை இழுத்து நின்றுபோனது. இறங்கி வாளியில் அள்ளினோம். அள்ள அள்ள ஊறியது, ஊறியதெல்லாம் சிவப்பு. மறுபடி மழை பெய்ததும் அள்ளுவதையும் விட்டுவிட்டோம்.

ஒருநாள் சரோஜம் குடத்தின் வாயில் பழைய வேட்டியைக் கட்டி அந்தத் தண்ணீரை ஊற்றினாள். மணல் துணியில் தங்கியது. சுயம்பு குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டா மடிச்சுக் கெட்டு," என்றார்.

மடித்துக் கட்டி ஊற்றினாள். அப்போதும் சிவப்பாகவே இறங்கியது. மேலே வேறு ஆட்கள் புதுத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். சுயம்பு அந்தப் பக்கம் திரும்பவில்லை. சரோஜம் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் முற்றத்தில் ஓடி, கிணற்றடியில் போய்த் தேங்கியது.