பீரோ நின்ற இடம்

கல்லூரியில் அவனுக்குக் கடைக்காரன் என்று பெயர். ஜவுளி வியாபாரி மகன் சினிமா படிக்க வந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அப்பாவோடு கொள்முதலுக்குப் போய் அவன் கற்றது ஒன்றுதான். பிடித்த துணியைத் தொடக்கூடாது. பக்கத்துத் துணியைத் தடவிக்கொண்டே பிடித்ததைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும், அப்போதுதான் விலை இறங்கும்.

இறுதியாண்டுக் குறும்படத்துக்கு வீடு தேடி அலைந்ததில் செருப்புதான் தேய்ந்தது. கதை, கேமரா பிடிக்கும் தோழி சொன்னது. ஒருவன் வீட்டைவிட்டுப் போகிறான், போகும்போது பீரோவையும் தூக்கிக்கொண்டு போகிறான். மனைவி அது நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் படம். அதற்குப் பீரோத் தடம் விழுந்த சுவர் வேண்டும். பார்த்த வீடுகளில் எல்லாம் சுவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கியது. நண்பன் வீட்டுச் சுவரில் தடத்தை வரைந்தும் பார்த்தார்கள். போஸ்டர் ஒட்டிக் கிழித்த மாதிரி இருந்தது.

கடைசியில் தோழி, மனசே இல்லாமல், தன் அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

படுக்கையறையில் சுவர் முழுக்க வெளுத்துக் கிடக்க, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு நீலக் கட்டம். தரையில் பீரோக் கால்களின் துருக்கறை. ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து வந்து அந்த நீலத்தின் ஓரத்தில் நின்றது.

கடைக்காரனுக்கு மூச்சு நின்று வந்தது. ஆனால் வியாபாரி ரத்தம் சும்மா இருக்குமா?

"சமையலறை ஜோரா இருக்கு அத்தை. இந்த ரூம்தான்... சுவர் சொறி பிடிச்ச மாதிரி அசிங்கமா இருக்கே. சரி, எப்படியோ சமாளிச்சுக்கிறோம்."

தோழி அவன் காலை மிதித்தாள்.

அத்தை சுவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்க மாமா பீரோவைத் தூக்கிட்டுப் போனதுலேருந்து அப்படியே கிடக்குப்பா. பார்த்துப் பார்த்துக் கண்ணுலயே படல." பிறகு, "எப்ப வேணா வந்து எடுத்துக்கங்க. பிள்ளைங்ககிட்ட வாடகை வாங்குவாங்களா?" என்றார்.

யார் கதை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவுக்கு வந்ததும் தோழி வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

படப்பிடிப்பு நாள். மனைவியாக நடிக்க ஒரு பெண்ணும் கூட வந்தாள். கேமராவைச் சாயங்காலமே கல்லூரியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மாடிப்படி ஏறும்போதே பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்தது. அறையில் அத்தை முக்காலிமேல் நின்று உருளையால் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். நீலத்தில் மேல்பாதி போய்விட்டது.

"வாங்க வாங்க, இதோ முடிஞ்சிரும். சொறி பிடிச்ச சுவரோடவா என் வீடு படத்துல வரணும்?"

"அத்தை, நிறுத்துங்க! நான் பொய் சொல்லிட்டேன். அந்தச் சுவருக்காகத்தான் வந்தோம். பார்த்த உடனே பிடிச்சிருச்சு."

"பிடிச்சதையா சொறின்னே?"

"பிடிச்சிருக்குன்னு காட்டிக்கிட்டா வாடகையை ஏத்திருவீங்கன்னு..."

"நான்தான் சும்மா தரேன்னேனே!"

"நீங்க சொல்றதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்."

தோழி தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டார். "மறுபடி நீலம் அடிக்க மாட்டேன். அடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரியுது, இத்தனை நாளா அந்தாள் பீரோவோட குடித்தனம் பண்ணியிருக்கேன்."

கடைக்காரன் மிச்சமிருந்த கீழ்ப்பாதியைப் பார்த்தான். வெளிச்சம் அன்றைக்கு நின்ற அதே ஓரத்தில் நின்றது.

"அத்தை, மிச்சத்தை நடிக்க வந்த பொண்ணு அடிக்கட்டுமா? பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கிறவ, கடைசியில எழுந்து அடிக்கிறா. அதான் படம்."

"அவ எதுக்கு? என் சுவர், நான் அடிக்கிறேன். உன் கேமராவை எங்க வேணா வச்சுக்க."

நடிக்க வந்தவள் அப்பாடா என்று கட்டிலில் சாய்ந்தாள்.

"இந்த யோசனை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றார் அத்தை.

"ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தை." வாழ்க்கையில் முதல் தடவையாக மறைக்காமல் சொன்னான்.

"அப்படின்னா இப்ப விலை உண்டு. மத்த மூணு சுவரையும் நீ அடிச்சுத் தரணும்."

"ரெண்டு சுவர் அத்தை," என்று வாய் தானாகச் சொன்னது.

"சீலிங்கையும் சேர்க்கவா?"

"மூணு," என்றான் கடைக்காரன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.