அடித்தார், அடித்தான்

அச்சகத்தில் எனக்கு ‘ஒற்று’ என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன். வினா வங்கியோ ஆண்டறிக்கையோ, விட்டுப்போன ஒரு ‘க்’கோ ‘ப்’போ என் கண்ணுக்குத் தப்பாது. முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் யாரும் நாவல் எழுதவில்லை. நானும் எழுதவில்லைதான். ஆனால் பதினோரு வருஷமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

திட்டம் என்றால் லேசுப்பட்ட திட்டம் இல்லை. நாற்பது அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஓர் அட்டை. எல்லாவற்றையும் துணி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். துணி எடுக்கப் போகும்போதெல்லாம், உங்கள் ஆள் இன்னும் பன்னிரண்டாவது அட்டையிலேயேதான் நிற்கிறாரா என்று மனைவி விசாரிப்பாள்.

அந்த ஆள் என் அப்பா. லேத் பட்டறையில் டர்னர். தம்பிக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, பட்டறை வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னதற்காக இரும்பு ஸ்கேலை எடுத்து அடித்தார். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன் திரும்பவே இல்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதுகூட இருபத்தாறு வருஷமாகத் தெரியாது. அப்பா ஒரு நாளும் அவனைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் காதுபட அவன் பெயரைச் சொல்லப் பயந்து, அம்மா சாகும்வரை ‘அவன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இது பிடிக்கும், அவன் இருந்தால் இப்படியா என்று. எங்கள் வீட்டில் அவன் என்றால் தம்பி மட்டும்தான்.

அப்பாவின் கல்நெஞ்சைத்தான் நான் எழுத நினைத்தேன். அதை எழுதாமல் போனால், மற்றவர்களின் எழுத்துக்கு ஒற்றுப் போட்டே செத்துப்போனவன் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

போன வருஷம் ஒருவழியாக முடித்து, ஒரு பதிப்பாளர் அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார். நானூறு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை என்று ஆரம்பித்தார். நாவலைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லாதபோதுதான் அப்படிச் சொல்வார்கள்.

“அவர் அடித்தார்னு எழுதியிருக்கீங்க சார். அடி வலிக்கவே இல்லை. மரியாதையும் குடுத்துட்டு எப்படித் திட்டுவீங்க? அவன்னு எழுதிப் பாருங்க.”

பெற்ற தகப்பனை ‘அவன்’ என்று எழுத முதல் இரண்டு நாள் கை வரவில்லை. கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிடவும் முடியாது. டாக்டரும் வாத்தியாரும்கூட ‘அவர்’தான், அவர்களை விட்டுவைக்க வேண்டும். அப்பா வரும் இடத்தில் மட்டும் வினையும் சேர்ந்து மாற வேண்டும். அச்செடுத்த தாளில் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக அடித்தேன். முறைத்தார், முறைத்தான். அடித்தார், அடித்தான். நூறு பக்கம் தாண்டியதும் எனக்குள் எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருத்திய வாக்கியத்துக்குப் பக்கத்தில் புது வாக்கியங்கள் தானாக வந்து விழுந்தன. சவரம் செய்யும்போதும் பஸ்ஸிலும் வாய் தின்றான், தூங்கினான் என்று முணுமுணுத்தது. எனக்கும் எழுத வருகிறது என்று முதல் தடவையாக நம்பினேன். அந்த மூன்று வாரம்தான் என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்தது.

அப்பா இரண்டு வருஷமாக எங்கள் கூடத்தில் கட்டிலில் கிடக்கிறார். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பார்வை மங்கல், காது மட்டும் பாம்புக் காது. பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் பெண் வருவாள். அன்றைக்கும் வழக்கம்போல, எப்படி இருக்கிறார் என்று கூடத்திலிருந்தே கேட்டாள். பக்கத்து அறையில் முப்பதாவது அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்த நான், தலையைத் தூக்காமல் பதில் சொன்னேன்.

“ராத்திரி நல்லா தூங்கினான். காலைல நல்லா சாப்பிட்டான்.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார்.

“வந்துட்டானா?” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. இடது கையால் சட்டையின் மேல் பொத்தானைப் போடப் பார்த்தார். அது நழுவி நழுவிப் போனது.

“எப்படா வந்தான்? கூப்பிடு அவனை.”

தம்பியை இல்லை, உங்களைத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். பெற்ற மகன் உங்களை அவன், இவன் என்று பேசுகிறான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குத் துணிச்சல் இல்லை. நானூறு பக்கத்தில் எனக்கு வராத கற்பனை அந்த நேரம் பார்த்து வந்தது.

“காலைலயே கிளம்பிட்டான்ப்பா. நீங்க தூங்கிட்டிருந்தீங்க.”

அப்பாவின் கை பொத்தான் மேலேயே இருந்தது.

“எழுப்பியிருக்கலாமேடா” என்றார்.

பதிப்பாளர் அம்மா தொலைபேசியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். இதுதான் சார் உங்கள் கடைசி அத்தியாயம், அப்படியே எழுதிவிடுங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை, நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் என் நாவலில் வருகிறவன் நாற்பது அத்தியாயத்தில் ஓர் இடத்தில்கூட மகனைக் கேட்டதில்லை. அவனுக்கு நெஞ்சே கிடையாது என்பதை நம்பித்தான் முதல் வரியிலிருந்து எழுதியிருந்தேன். கடைசியில் ஓர் அத்தியாயத்தை ஒட்டவைத்தால் அது சரியாகிவிடாது. முழுக்கத் தப்பு. எங்கள் கூடத்தில் படுத்திருக்கும் மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, தெரிந்துகொண்டு மறுபடி எழுத இன்னொரு பதினோரு வருஷம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன். வந்தது. பிரிக்கவில்லை.

அப்பா இப்போதெல்லாம் பகலில் படுப்பதில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, கதவைப் பார்த்து உட்காரவைக்கச் சொல்கிறார். தலை தொங்கும், சட்டென்று நிமிர்வார்.

“நான் தூங்கிட்டேனாடா?” என்று என்னிடம் கேட்கிறார்.

இல்லைப்பா, முழிச்சுட்டுத்தான் இருந்தீங்க என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்குக் கிளம்புகிறேன்.