மூலை இல்லாத வீடு

பொன்னுத்தங்கம் காலையில் மனைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே சதுரமாகக் கயிறு கட்டியிருந்தது. நான்கு பக்கமும் முளை அடித்து, வடகிழக்கில் பூசைக்குக் குழிகூடத் தோண்டியாயிற்று. கொத்தனார் ரத்தினசாமி தலைப்பாகையை அவிழ்த்துத் தலையைச் சொறிந்தார். வீடு வட்டம், கூரை கும்மட்டம் என்று ஒரு மாதமாகப் பேசி, செங்கல்லும் சுண்ணாம்பும் இறக்கிய பிறகும், முளையடிக்கக் குனிந்ததும் கை தன் பாட்டுக்குச் சதுரம் போட்டுவிட்டது.

"பளக்கதோசம் தாயி. ஈசானி மூலை இல்லாம பூசையை எங்கன போட?" என்றார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்றை மட்டும் மனையின் நடுவில் அடித்து, கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள்.

"இழுத்துப் பிடிச்சு, கோடு கீறிக்கிட்டே சுத்தி வாங்க."

சிவகாசி கடைவீதியில் அந்த வருசம் முழுக்க இந்த வீட்டுப் பேச்சுதான். ஆள் குடியிருக்கவா, கம்பு கொட்டி வைக்கிற குலுக்கையா என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்களையா வாடகைக்குக் கூப்பிட்டாள்?

புருசன் இறந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மாமனார் வீட்டு உள்ளறையில், மூலையில் ஒரு பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு வருசம். காலையில் யாரும் அவள் முகத்தில் விழித்துவிடக் கூடாதாம், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னார்கள். இரண்டு சுவரும் சேருகிற இடத்தில் காரை எங்கெங்கே பெயர்ந்திருக்கிறது, பல்லி எந்தப் பொந்தில் முட்டையிடும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெளியே விட்ட பிறகும் கல்யாணமோ சடங்கோ எது வந்தாலும் அவளுக்கு மூலைதான். தீப்பெட்டிக் கம்பெனியில் புருசனின் பங்கைக் கேட்டு மாமனார் மேல் வழக்குப் போட்டாள். அப்போது மதுரையில் பழைய அரண்மனை மகாலுக்குள்தான் கோர்ட் நடந்தது. வாய்தாவுக்குப் போன முதல் நாள் கும்மட்டத்துக்குக் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். எந்தச் சுவரும் இன்னொரு சுவரில் போய் முட்டவில்லை. அவளை ஒதுக்கி உட்கார வைக்க அங்கே இடமே இல்லை. சந்தோசத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கட்டினால் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். பங்கு கைக்கு வந்தது அதற்கு ரொம்பப் பின்னால்.

வெயில் ஏறும் நேரத்தில் கொழுந்தன் காளிராஜ் பிளஷர் காரில் வந்தான். மாமனார் போன பிறகு அவன்தான் குடும்பத்துக்குத் தலை. மஞ்சள் குங்குமத் தட்டோடு அவன் மனைவி சுப்புலட்சுமி பின்னாலேயே இறங்கினாள். முதல் கல்லைச் சுமங்கலி கையால்தான் வைக்க வேண்டும், அது குடும்ப வழக்கம்.

"வட்டமாக் கட்டுதீக, கட்டிக்கோங்க மதினி. அது உங்க ஆசை. கல்லை மட்டும் இவ வைக்கட்டும். நீங்க அந்தா ஓரமா நில்லுங்க."

"என் வீட்டுலயும் நான் ஓரமா நிக்கணுமா தம்பி?"

"ஊரு ஒண்ணு சொல்லும்லா?"

"சொல்லட்டும். ஒரு வருசம் சுவத்தைப் பாத்து உக்கார வச்சாகளே, அப்ப இந்த ஊரு என்ன சொல்லுச்சு?"

கோபத்தோடு அவள் மண்வெட்டியை எடுத்தாள். வட்டக் கோட்டின்மேல், ரோட்டைப் பார்த்த பக்கமாக, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தெரிகிற இடத்தில் கரிசலை வெட்டிக் குழி எடுத்தாள். செங்கல்லை எடுக்கப் போனபோது ரத்தினசாமி குறுக்கே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீக தாயி. நீங்க வச்ச கல்லுல நான் தொடங்குனா, நாளைக்கு எவனும் என்னைய வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

"மொதக் கல்லு என் பாடு. ரெண்டாவதுல இருந்து நீங்க வைங்க."

குழிக்குள் மண்டியிட்டுக் கல்லை வைத்து உள்ளங்கையால் தட்டினாள். யாரும் குலவை போடவில்லை. ரத்தினசாமி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"சுப்பு, வா போவோம்," என்றான் காளிராஜ். விறுவிறுவென்று போய்க் காரில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினான்.

சுப்புலட்சுமி காரைப் பார்த்தாள். கொத்தனாரைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஹாரன் சத்தத்துக்கு எழுந்து ஓடியே பழகியவள். அன்றைக்குத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு செங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்கன வைக்கட்டும் அக்கா?"

பொன்னுத்தங்கம் நகர்ந்து இடம் விட்டாள். ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சுப்புலட்சுமி குனிந்து முதல் கல்லை ஒட்டித் தன் கல்லை வைத்தாள், கோட்டைப் பார்த்து லேசாகத் திருப்பினாள். இரண்டு கல்லும் சேர்ந்து வளையத் தொடங்கியிருந்தன.